டிசைனுக்கு உயிரைக் கொடு, கன்ஸ்ட்ரக்‌ஷன் பாஸ் ஆனால் போதும்: சீனியர்கள் சொல்வது சரியா?

2 ஆகஸ்ட் 2022, கேள்வி

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) மூன்றாவது செமஸ்டர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஹாஸ்டலில் சீனியர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு. "டிசைன் ஸ்டூடியோவுக்கு உயிரைக் கொடு. பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன், ஸ்ட்ரக்சர்ஸ் எல்லாம் பாஸ் ஆனால் போதும். கட்டுவதற்குத்தான் இன்ஜினியர் இருக்கிறாரே." செங்கல் அடுக்கும் படத்தை ஏ2 ஷீட்டில் பென்சிலால் நாலு தடவை வரைந்தபிறகு எனக்கும் அப்படித்தான் படுகிறது. படித்து முடித்து வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட்

ஜூரி நாள் (நடுவர்கள் முன்னால் டிசைனை வைத்துக் காட்டும் நாள்) வரைக்கும் உன் சீனியர் சொல்வது சரி, தம்பி.

நான் சென்னையில் படித்து 2008இல் முடித்தேன். இப்போது மதுரையில் நாலு பேர் உள்ள சின்ன அலுவலகம். வாரத்தில் ஒருநாள் பாடம் எடுக்கவும் போகிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். மார்க் விஷயத்தில் டிசைன்தான் பெரிது. வாரத்தில் அதிக மணிநேரம் அதற்குத்தான், தூக்கம் கெடுவதும் அதற்குத்தான். கன்ஸ்ட்ரக்‌ஷன் நோட்டை நானும் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால்தான் திறப்பேன். நல்ல மார்க் வாங்கினேன் என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த மார்க் சைட்டில் என்ன கதி ஆனது என்பதை ராத்திரி எழுதுகிறேன், இப்போது ஒரு கிளையன்ட் வாசலில் நிற்கிறார்.

3 ஆகஸ்ட், இரவு

சொல்கிறேன் என்றேனே, அது சன்ஷேடு கதை.

பரீட்சையில் சன்ஷேடு படம் 16 மார்க் கேள்வி. ஜன்னலுக்கு மேலே உள்ள குறுக்கு உத்தரமான லிண்டலிலிருந்து வெளியே நீளும் கான்கிரீட் பலகை, அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம். அழகாக வரைந்தேன், கம்பியைச் சிவப்பு மையில் காட்டினேன். 14 போட்டார்கள் என்று ஞாபகம். காரணமும் எழுதியிருந்தேன்: கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது, இழுப்பு எங்கேயோ அங்கே கம்பி. கையை நேராக நீட்டி அதில் ஒரு குடத்தை மாட்டிப் பார், தோளின் மேல்பக்கம்தான் இழுபடும். சுவரிலிருந்து நீளும் எதற்கும் அதே கதைதான்.

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். முதன்முதலாக என்னைத் தனியாக சைட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டடி சன்ஷேடு, மூன்று அங்குல கனம். காலையில் போய்ப் பார்த்தேன், கம்பி கட்டியிருந்தது, எண்ணினேன், இடைவெளி சரி. போட்டோ எடுத்தேன். கான்கிரீட் போடும்போது சித்தாள் அக்கா ஒருவர் சட்டியோடு அந்தக் கம்பி மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார். நடக்கட்டும், வேறு எப்படிப் போவார் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கம்பிக்குக் கீழே சேர் கம்பி (நாற்காலி மாதிரி வளைத்த முட்டுக் கம்பி) வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் கம்பி கீழே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

சென்ட்ரிங் பிரித்தபோது நுனி ஒரு விரற்கடை தொங்கியது. சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் நீளமாக ஒரு வெடிப்பு, தலைமுடி போல. பெரிய மேஸ்திரி அதில் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா இன்ஜினியரம்மா, கம்பி எங்க கெடக்குனு குனிஞ்சு பாத்தீகளா?"

உடைத்தோம். உள்ளே கம்பி அடிப்பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. என் படத்தில் அது சிவப்பாக மேலே இருந்தது.

5 ஆகஸ்ட்

இங்கே ஒருவர், "அப்படியென்றால் சிவிலே படிக்கலாமே, 4 வருடத்தில் முடிந்துவிடும்" என்று கேட்டிருக்கிறார். படிக்கலாம். பி.ஆர்க் 5 வருடம், 10 செமஸ்டர், நடுவில் அலுவலகப் பயிற்சி வேறு. 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள முடியும். ஆனால் அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, வேலையை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, சிவில் படித்தவர் உங்கள் வீட்டுக்கு பிளான் போடுவதில் குற்றம் எதுவும் கிடையாது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழும்புகின்றன, நிறைய வீடுகளில் மேஸ்திரி மனதில்தான் பிளானே இருக்கும்.

நாட்டா, ஜேஇஇ என்று நுழைவுத் தேர்வு விவரம் கேட்பவர்கள் அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள், விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பிளஸ் டூவில் கணக்கு வேண்டும், அதில் மாற்றம் இல்லை. "நல்லா வரைவான், அதனால ஆர்க்கிடெக்சர்" என்று பையனைக் கூட்டி வரும் அப்பாக்களுக்கு மட்டும் ஒன்று: வரையத் தெரிந்தால் முதல் செமஸ்டர் சுலபம். அவ்வளவுதான்.

9 ஆகஸ்ட்

ஜூரியில் கன்ஸ்ட்ரக்‌ஷன் அறிவு உதவாதா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். என் அனுபவம் நேர்மாறு.

நாலாவது செமஸ்டர், ஒரு நூலகம் டிசைன். மூன்று ராத்திரி முழித்து மாடல் செய்தேன். ஃபோம் போர்டு சுவர், ஸ்நோ ஒயிட் அட்டையில் கூரை. காலையில் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மாடலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கத்திப்பாரா பக்கம் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனதில் கூரை பறந்துவிட்டது. இறங்கித் தேட நேரமில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். வெளியிலிருந்து வந்த நடுவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவில் முற்றம் வைத்திருப்பது அருமை" என்றார். நானும் ஆமாம் சார், நம் பாரம்பரிய வீடுகளின் தாக்கம் என்றேன். அந்த செமஸ்டரில் நான் வாங்கிய நல்ல பேச்சு அது ஒன்றுதான்.

புத்தக அலமாரி மேல் மழை பெய்யுமே என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தோழியே போன் பண்ணித் திட்டினாள். முழுக் கூரை பறக்கவில்லையாம், நடுவில் இருந்த ஒரு துண்டுதானாம். ஃபெவிகால் காயாமல் ஒட்டியது நானாம். சரி, இத்தனை வருடத்தில் கதையில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முற்றம் என்று சொன்னது மட்டும் சத்தியம்.

12 ஆகஸ்ட்

க்ளைமடாலஜி (வெயில், காற்று, மழை பற்றிய பாடம்) தண்டமா என்ற கேள்விக்கு: இல்லை. எந்தக் கட்டடத்துக்கும் முதலில் வேண்டியது அதுதான். மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் கக்கும், அந்தப் பக்கம் மாடிப்படி, பாத்ரூம், அலமாரி என்று எதையாவது தள்ளு. பெரிய ஜன்னலை வடக்கே வை. வடக்கில் நேர் வெயில் வராது, வெளிச்சம் மட்டும் வரும். இதைத் தெரிந்துகொண்டாலே ஏசி பில் பாதி குறையும்.

21 ஆகஸ்ட்

மாடிப்படி பற்றி எழுதுங்கள் என்று இரண்டு பேர். உண்மையில் மாணவர் டிசைனில் முதலில் மாட்டுவது படிதான். பிளானில் பத்துக் கோடும் ஒரு அம்புக்குறியும் போட்டுவிட்டால் படி வந்துவிட்டது என்று நினைப்போம்.

கணக்கு எளிது. மாடியின் உயரம் 3 மீட்டர், ஒரு படி 150 மி.மீ. ஏறினால் 20 படி. நடுவில் திரும்பும் படி என்றால் பக்கத்துக்கு 10. ஒரு படியின் மிதி 300 மி.மீ., அப்படியென்றால் ஒரு பக்கத்தின் நீளம் 3 மீட்டர். திரும்பும் இடத்துக்கு இன்னொரு மீட்டர். இந்த இடத்தை ஒதுக்காமல், "ஏதோ ஒரு மூலையில் படி" என்று கடைசியில் செருகினால் படி 250 உயரம் ஆகும், பாட்டி ஏற மாட்டார்.

பெரிய கூத்து படிக்குக் கீழே. திரும்பும் மேடை 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கான்கிரீட் கனம் 15 செ.மீ. போனால் கீழே மிச்சம் 1.35. அங்கே வருஷா வருஷம் யாராவது ஒருவர் கக்கூஸ் வரைகிறார், 2.1 மீட்டர் கதவோடு. போன வருடம் ஒரு பையனிடம், உள்ளே போய் நிமிர முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பூஜை ரூம்னு மாத்திடறேன் மேடம், குனிஞ்சுதானே கும்பிடுவாங்க" என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை. டிசைனில் இவனுக்கு எதிர்காலம் உண்டு.

22 ஆகஸ்ட்

மானம் போயிற்று. கேள்வி கேட்ட தம்பியே பிடித்துவிட்டான். பக்கத்துக்கு 10 ஏற்றம் என்றால் மிதி 9தான், பத்தாவது மிதி அந்த மேடையே. ஆக நீளம் 2.7 மீட்டர், நான் எழுதிய 3 இல்லை. இதே தப்புக்கு வகுப்பில் சிவப்பு மையால் சுழிப்பவள் நான். சபாஷ் தம்பி, நாலு தடவை வரைந்தது வீண் போகவில்லை.

27 ஆகஸ்ட்

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று. 12ஆம் தேதி "வடக்கில் நேர் வெயில் வராது" என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? அதை வாபஸ் வாங்குகிறேன்.

இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி நேற்று அலுவலகத்துக்கு வந்தாள். "மேடம், எங்கள் வீட்டு வடக்கு ஜன்னல் திண்டில் ஜூன் மாதம் முழுக்க வெயில் அடித்தது, புத்தகத்தில் அப்படி இல்லையே" என்றாள். மொட்டை மாடிக்குப் போனோம். பழைய பெயின்ட் டப்பாவில் மணல் போட்டு ஒரு துண்டுக் கம்பியை நட்டோம், தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்தினோம். இன்று பன்னிரண்டேகாலுக்கு மேல் பார்த்தால் கம்பிக்கு நிழலே இல்லை. டப்பாவுக்கும் இல்லை. அவள் குடத்தை வைத்துப் பார்த்தாள், அதற்கும் இல்லை.

மதுரை பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும், பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பித் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கம்தான் சாய்கிறது. சென்னை 13 பாகை, அங்கே ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும். நண்பகலில் வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்பது ஐரோப்பாவுக்கும் டெல்லிக்கு மேலேயும் சரியான பேச்சு. அந்தப் புத்தகத்தைத்தான் நான் 15 வருடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன், வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று இரண்டு வீட்டில் மிச்சம் பிடித்தும் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நல்ல வேளை, உச்சி வெயில் மிகவும் செங்குத்தாக விழுவதால் சின்ன சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதற்குத்தான் பக்கவாட்டில் மறைப்பு வேண்டும். "ஏசி பில் பாதி குறையும்" என்றதையும் அழித்துவிடுங்கள், அது வாய்க்கு வந்தது.

18 செப்டம்பர்

டாக்குமென்டேஷன் டூர் (பழைய கட்டடங்களை நேரில் அளந்து வரையப் போவது) வீண் வேலையா என்று கேட்டதற்கு நீளமாக எழுதப் போகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

எங்கள் செட் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனது. ஆறு பேருக்கு ஒரு வீடு. முகப்பில் நுழைந்தால் பின்கட்டு வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும், நடுவில் வளவு என்ற முற்றம், சுற்றித் தாழ்வாரம், தூண்கள். சுவரைத் தொட்டால் பளிங்கு மாதிரி குளிர்ந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளை, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்து அரைத்த பூச்சு. இந்த வரியைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தது அங்கேதான்.

எங்களிடம் 30 மீட்டர் துணி டேப் ஒன்று இருந்தது. அதன் முனை எப்போதோ கிழிந்து போனதால் முதல் 10 செ.மீ. கிடையாது. ஒருவர் பத்தில் பிடிக்க வேண்டும், படிக்கிறவர் பத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். காலையில் ஒழுங்காகக் கழித்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கழிப்பவனே மாறிவிட்டான், அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். ராத்திரி லாட்ஜில் படம் போட உட்கார்ந்தால் இரண்டாங்கட்டு மொத்தமும் கோணிக்கொண்டு போகிறது. ஒரு சுவர் இன்னொரு சுவருக்குள் புகுந்து நிற்கிறது. "பழைய வீடு, அப்படித்தான் கட்டியிருப்பாங்க" என்று கட்டியவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கினோம்.

மறுநாள் மறுபடி டேப்போடு போய் நின்றதும் வீட்டு ஆச்சி விஷயத்தைக் கேட்டார். சுவர் கோணல் என்று ஒருத்தன் உளறிவிட்டான். ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. வேலைக்காரப் பையனை விட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வரச் சொன்னார். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டு, அதே கயிற்றை எதிர் மூலைகளுக்குப் பிடிக்கச் சொன்னார். முடிச்சு சரியாக மூலையில் போய் உட்கார்ந்தது. "கோணல் உங்க டேப்புலயா இருக்கும் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் எங்கும் படித்தவர் இல்லை. எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்து இரண்டு மூலைவிட்டமும் சமமானால் அறையின் மூலைகள் செங்கோணம் என்பதை எங்களுக்கு சர்வேயிங் வகுப்பில் சொல்லித்தான் இருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊர் வீட்டு மாடியைப் பற்றி எழுத வந்தேன், டேப்பில் போய்விட்டேன். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்கள் மேல் சின்ன மெல்லிய செங்கலைக் குறுக்குச் சாய்வில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லிக் கலவையும் தட்டோடும் (தட்டையான ஓடு) போடுவது. பலகை அடித்து முட்டுக் கொடுக்காமலே ஏற்றுவார்கள். படத்தில் வரைந்தபோது அந்தச் சாய்வு எனக்கு அலங்காரமாகத்தான் தெரிந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் புரிந்தது: சாய்வாக வைப்பதால் ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

6 நவம்பர்

ஐப்பசி மழை. மதுரையில் நாலு நாளாக விடவில்லை.

இந்த இழையில் நான் பெரிய மனுஷி மாதிரி பேசிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2015இல் அம்மாவுக்காக நானே டிசைன் பண்ணிக் கட்டிய வீடு ஒழுகுகிறது. ஹாலின் தென்மேற்கு மூலையில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறை.

காரணம் எனக்கே தெரியும். மொட்டை மாடிக்கு சுர்க்கி (செங்கல்பொடி சேர்த்த கலவை) போட்டு, தட்டோடு பதித்து, வாட்டம் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தோம். ஆனால் மழைத்தண்ணீர்க் குழாய் முன் சுவரில் தெரிந்தால் எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) கெட்டுப் போகும் என்று, அதைச் சுவருக்குள் வைத்து மூடிப் பூசச் சொன்னேன். கொத்தனார் வேண்டாம் என்றார். "அடைச்சா எங்கிட்டுத் தோண்டுவீக?" என்று கேட்டார். வலை போட்டால் அடைக்காது என்று பதில் சொன்னேன். வலை மூன்றாம் வருடமே துருப்பிடித்துப் போனது. வேப்பமரம் இலையைக் கொட்டுகிறது. முனிசிபல் குழாய் மாதிரி வெளியே தெரிய ஒரு பிவிசி பைப் விட்டிருந்தால் ஒரு குச்சியில் குத்தி முடித்திருக்கலாம்.

இதில் டிசைன் எங்கே முடிகிறது, கன்ஸ்ட்ரக்‌ஷன் எங்கே தொடங்குகிறது? இந்த வீட்டின் முகப்பு போட்டோவை இன்னும் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். குழாய் இல்லாத அந்த முகப்பைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தவர்களும் உண்டு.

7 நவம்பர்

அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம்: "எல்லாம் படிச்சவ கட்டுனது, அதான் வாளி வெச்சிருக்கேன்."

26 டிசம்பர்

தம்பி, எலிப்பொறிக் கட்டு பற்றிக் கேட்டிருக்கிறாய். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம், சாந்தும் மிச்சம், நடுவில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் இதைக் கேரளா முழுக்கப் பரப்பினார். பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில், பின்னாளில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் அங்கேயே காலமானார். அங்கே உளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்துக்கு வாய்ப்புக் கிடைத்தால் போ. செங்கல் ஜாலி (ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டிய சுவர்) வழியாக வெளிச்சம் தரையில் விழுவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இனி என் அனுபவம். பேக்கர் பைத்தியம் பிடித்த வயதில் ஒரு காம்பவுண்டு சுவருக்கு இதைப் போட்டேன். கொத்தனார் முதல் நாளே முனகினார். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் பத்துக் கல்லை வரிசையாகத் தரையில் வைத்துக் காட்டினார். எதற்கும் எதுவும் பொருந்தவில்லை. ஒன்று ஒன்பது அங்குலம், ஒன்று எட்டே முக்கால், ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்தது. படுக்கையாகக் கட்டினால் சாந்து அதை மறைத்துக்கொள்ளும். நிமிர்த்திக் கட்டினால் கல்லின் குறை முழுக்கச் சுவரில் தெரியும். உங்கள் பாடப் புத்தகத்தில் கல் 19 × 9 × 9 செ.மீ. என்று போட்டிருக்கும். நான் வேலை பார்த்த எந்த சைட்டிலும் அந்த அளவில் கல் வந்து இறங்கியதில்லை.

கடைசியில் கல்லைப் பொறுக்கி எடுக்க ஒரு ஆளுக்குத் தனிக் கூலி கொடுத்தோம். கல்லில் மிச்சமானது அதில் போனது. சுவர் இன்றும் நன்றாகத்தான் நிற்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சூளையைப் போய்ப் பார்க்காமல் படத்தை வரைந்ததுதான் தப்பு.

12 பிப்ரவரி 2023

போன வாரம் மாணவர்களோடு புதுச்சேரி. கோல்கொண்டே விடுதியைக் காட்டக் கூட்டிப் போனோம், முன் அனுமதி வாங்கித்தான். அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் என்ற ஆர்க்கிடெக்ட் டிசைன் செய்தது, ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி வேலையைப் பார்த்தார். 1930களின் கடைசியில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். சுவருக்குப் பதில் தரையிலிருந்து மேல் வரை லூவர், அதாவது திருப்பக்கூடிய படுக்கைப் பட்டைகள். ஜன்னல் கண்ணாடி கிடையாது. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்கில் சரியும் கதவு, அது மூடியிருந்தாலும் இடுக்கு வழியாகக் காற்று போகும். மேலே தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவில் காற்று.

ஒரு மாணவன் வெளியே நின்று, "எலிவேஷன் சூப்பர் மேடம்" என்றான். அந்த லூவரை எடுத்துவிட்டால் எலிவேஷனும் இல்லை, காற்றும் இல்லை, கட்டடமே இல்லை. எது டிசைன், எது டெக்னாலஜி என்று பிரித்துக் காட்டு பார்க்கலாம் என்று அவனைக் கேட்டேன். ஐந்து நிமிடம் லூவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலாளி வந்து போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் நான் எழுதிய முதல் வரி, "ஜூரி நாள் வரைக்கும் சரி" என்றது, இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. ஜூரியில் உட்கார்வதும் எங்களைப் போன்றவர்கள்தானே. கூரை எங்கே என்று நாங்கள் கேட்க ஆரம்பித்தால் ஜூரி நாளிலும் சரியில்லை. இந்த செமஸ்டர் நான் கேட்டேன். ஒரு குழுவை மாடலை எடுத்துவிட்டு மழைத்தண்ணீர் போகும் வழியை மட்டும் கோடு போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்று பேர் அழுதார்கள். அதைத் தவிர்த்திருக்கலாம், ராத்திரி முழித்து வந்த பிள்ளைகள். அடுத்த தடவை இதை வாரம் நாலிலேயே கேட்க வேண்டும், கடைசி நாளில் இல்லை.

12 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

ரெவிட்டில் (கட்டடப் படம் போடும் சாஃப்ட்வேர்) எல்லாம் தானாக வந்துவிடுமே, சுவர் போட்டால் பூச்சு வரை வருகிறதே என்று ஒருவர். வரும். நான் கேட்கும் சன்ஷேடு கம்பியும் மேலேதான் வரும்.

14 மே

தம்பி எழுதியிருக்கிறான்: நாலாவது செமஸ்டர் முடிந்தது, லீவில் அவன் மாமா கட்டும் வீட்டில் ஒரு மாதம் நிற்கப் போகிறானாம், என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்கிறான்.

செருப்பு வேண்டாம், ஷூ போடு, ஆணி கிடக்கும். ஒரு நோட்டு, பென்சில். போன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போட்டோ எடுப்பதற்கு முன்னால் குனி. காலையில் எட்டு மணிக்குக் கலவை போடும்போது அங்கே இரு, எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று வாளிக் கணக்கில் எண்ணு. ரசமட்டம் எப்படிப் பிடிக்கிறார்கள், டியூபில் தண்ணீர் விட்டு எப்படி மட்டம் எடுக்கிறார்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். மேஸ்திரியை அண்ணே என்று கூப்பிடு, பேர் சொல்லாதே. டீ வந்தால் நீயும் அவர்களோடு உட்கார்ந்து குடி.

5 மீட்டரில் ஒரு இரும்பு டேப் வாங்கிக்கொள். முனை கொக்கி உடைந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடு.